மேட்டு விளைத் தண்ணீரும் நம் கையாலையும்: அடுத்த வீட்டாரின் வழக்கத்தால் சொத்து கெடும்போது செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் வீட்டு மனைகள் பெரும்பாலும் படிப்படியாக இறங்கும் சரிவில் அமைந்திருப்பதால், மேலே இருப்பவருடைய முற்றம் முடியும் இடத்தில் கீழே இருப்பவருடைய கையாலை, அதாவது எல்லையில் மண்ணைத் தாங்கி நிற்கும் மதில், தொடங்குகிறது. இடவப்பாதியில் (ஜூன் தொடக்கத்தில்) தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வரும் வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்கே பெய்கின்றன. ஆகவே மேல்வீட்டுக்காரர் துணி துவைத்த தண்ணீரை எங்கே கொட்டுகிறார், தகரக் கூரையின் சரிவை எந்தப் பக்கம் வைத்தார், தேங்காய் வெட்டை எத்தனை மாதம் தள்ளிப்போட்டார் என்பவையெல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறை கீழ்வீட்டுச் சுவரில் தெரிந்துவிடும். எங்கள் கையாலை பதினோரு ஆண்டுகளில் இரண்டு முறை சரிந்தது. முதல் முறை நான் செய்தவை அனைத்தும் தவறாகவே முடிந்தன. இரண்டாம் முறை ஓரளவு தேறினேன். அலுவலகங்களுக்கு நடந்து கற்றதும் மண்வெட்டி பிடித்துக் கற்றதும் கலந்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, சேதத்தின் காரணம் உண்மையிலேயே அடுத்த வீட்டில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வது. இரண்டு மழைக்காலம் முழுவதும் மேல்வீட்டு அலக்குகல்லின் (துணி துவைக்கும் கல்லின்) தண்ணீரைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்; கையாலையை மீண்டும் கட்டத் தோண்டியபோது, ஈரத்தில் ஒரு பங்கு எங்கள் குளியலறைக் குழாயின் இணைப்பிலிருந்தே கசிந்து வந்தது தெரிந்தது. அதற்குள் நான் பேசியிருந்த பேச்சைத் திரும்பப் பெற வழியில்லை. இதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மழை இல்லாத நாளொன்றில், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சற்றுத் தாராளமாக ஒரு வாளித் தண்ணீரில் கலந்து உங்கள் குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சுவரின் ஈரமான இடத்தில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். ஓரிரு நாளில் நீலம் ஏறினால் குற்றம் உங்கள் வீட்டில். ஏறாவிட்டால் மட்டும் மேலே பாருங்கள். கோடையிலும் காயாமல் நிற்கும் ஈரம் பெரும்பாலும் வீட்டு உபயோகத் தண்ணீராலும், மழை விட்டுச் சில நாளில் காய்ந்துபோகும் ஈரம் கூரைத் தண்ணீராலும் வருவது. இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்தால் பின்னால் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

அடுத்ததாகப் பதிவுகளைச் சேர்க்க வேண்டும். யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. ஒரே இடத்தில் நின்று, அளவு நாடா ஒன்று படத்தில் தெரியும்படி, வாரத்துக்கு ஒரு புகைப்படம் எடுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு வைத்து அதன் மேலும் தேதியைக் கீறிவிடுங்கள். அந்தப் பூச்சு வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். வெடிக்காமல் ஒரு மழைக்காலம் தாண்டினால் பழைய விரிசலுக்குப் பயந்து புதுச் சண்டை தொடங்க வேண்டியதில்லை. கைபேசியில் எடுத்த மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுடன் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்த படத்துக்கு அந்தச் சான்றிதழை எழுதித் தருவது எவருக்கும் சங்கடமான வேலை.

பேசுவதற்குரிய காலம் சித்திரை, வைகாசி. கையாலை சரிந்து மண் அடுக்களை வாசல்வரை வந்த இரவில் மேலே ஏறிப்போய்ப் பேசினால் எவர் வாயிலிருந்தும் நல்ல சொல் வராது. உலர்ந்த நாளில், காலையில், மேல்வீட்டுக்காரரை உங்கள் பக்கம் அழையுங்கள். நீங்கள் அவருடைய முற்றத்தில் நின்று குறை சொல்வதைவிட, அவர் உங்கள் பக்கம் இறங்கி வந்து சுவரைத் தம் கண்ணால் பார்ப்பது பல மடங்கு பயன் தரும். மேலே நிற்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரிவதே இல்லை. “அண்ணே, ஒரு நேரம் எங்க பக்கம் வந்து இந்தச் சொவரப் பாத்துட்டுப் போங்க, எனக்கும் என்ன செய்யணும்னு தெரியல” என்ற அளவுக்குமேல் முதல் நாளில் எதையும் சொல்ல வேண்டாம். துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் அவர் மதிக்கும் உறவினரையோ கட்டட வேலை தெரிந்த மேஸ்திரியையோ அழைத்துக்கொள்ளுங்கள். வார்டு உறுப்பினரை முதல் பேச்சிலேயே கூட்டிப் போகாதீர்கள். சுவரைப் பற்றிய பேச்சு அரை மணி நேரத்தில் கடந்த உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிய பேச்சாகிவிடும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன்.

அவரிடம் கேட்பது ஒரு குறிப்பிட்ட வேலையாக இருக்க வேண்டும். “இனி கவனமாக இருங்கள்” என்று கேட்டால் அவர் தலையாட்டுவார், அதோடு முடிந்துவிடும். கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் நீளத் தொட்டியான பாத்தியை வைத்து ஒரே குழாயில் தெருப்பக்கம் இறக்குவது, அலக்குகல்லைச் சுவரிலிருந்து தள்ளி மாற்றுவது, கழிவுநீருக்கு ஓர் உறிஞ்சு குழி எடுப்பது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கணக்கும் கையில் இருக்கட்டும்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 3000 லிட்டர் விழும். அந்தக் கூரையின் சரிவு முழுவதும் ஒரே பக்கம் இருந்தால் அத்தனையும் உங்கள் கையாலையின் தலையில் ஒரே வரிசையில் விழும். இந்த எண்ணைக் கேட்டபிறகுதான் எங்கள் மேல்வீட்டுக்காரர் முதன்முறையாகத் தம் கூரையை அண்ணாந்து பார்த்தார். செலவில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்வதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். பிவிசி பாத்தியும் குழாயும் வைக்கும் செலவு, கையாலையை ஒரு முறை இடித்துக் கட்டும் செலவின் அருகில்கூட வராது.

பேசும்போது எதை உரிமையாகக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் இயல்பாக விழுந்து, வரையறுத்த வாய்க்கால் எதிலும் சேராமல் சரிவில் ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. எனவே வெறும் மழைத்தண்ணீர் சரிவில் இறங்கிவருவதைச் சிமெண்டு மேடு கட்டித் தடுத்து மேலே தேக்கிவிட்டால் தவறு உங்கள் பக்கம் சேரும். கூரையில் பிடித்து ஒரே இடத்தில் ஊற்றும் தண்ணீர், குழாய் வைத்து எல்லையில் விடும் தண்ணீர், துவைத்த தண்ணீர், தொழுவம் கழுவிய தண்ணீர் ஆகியவை இயல்பான ஓட்டம் ஆகமாட்டா. அவற்றை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இயல்பாக வரும் தண்ணீருக்குச் செய்யக்கூடியது, கையாலையை மீண்டும் கட்டும்போது பின்பக்கம் ஜல்லி நிரப்பி, இரண்டு மூன்று வரிசையில் குழாய்த் துண்டுகளைச் செருகித் தண்ணீர் வெளியேற வழி விடுவதுதான். வெட்டுக்கல்லைச் சாந்து வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு துளைகூட விடாமல் சுவருக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கி, பிறகு அடுத்த வீட்டுக்காரரைத் திட்டுபவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. பழைய மண் கையாலைகளும் சாந்தில்லாக் கல் கையாலைகளும் இத்தனை காலம் நின்றது அவை தண்ணீரைத் தாமாகவே கசியவிட்டதால்தான்.

இதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் வெளிப்படையாகவும், தகராறின்றியும், இடையறாமலும், தம் உரிமையாகவே கருதியும் 20 ஆண்டுகள் ஒரு வசதியை அனுபவித்துவிட்டால் அது அவருடைய உரிமையாகவே உறுதிப்படலாம். கூரைத் தண்ணீர் உங்கள் மண்ணில் விழுவதை “போகட்டும்” என்று 20 ஆண்டுகள் விட்டுவிட்டு, மகன் காலத்தில் கேட்கப் போனால் கேள்வி திரும்பி வரும். சண்டை போடவும் மனமில்லை, உரிமையை விடவும் மனமில்லை என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது: தற்காலிகமாக என் அனுமதியின்பேரில் இந்தத் தண்ணீர் விழுகிறது, நான் கேட்கும்போது மாற்றிக்கொள்ளப்படும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது. அனுமதியால் அனுபவிப்பது உரிமையால் அனுபவிப்பது ஆகாது. நல்லுறவு இருக்கும் காலத்தில்தான் இந்தத் தாளில் ஒப்பம் கிடைக்கும். கசப்பு வந்தபிறகு எவரும் பேனாவைத் தொடமாட்டார்.

எல்லை தாண்டிச் சாய்ந்த தென்னை இந்தப் பகுதியின் நிரந்தரச் சிக்கல். மட்டையும் நெற்றும் விழுந்து ஓடு உடைவதைவிட, உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் தண்ணீரில் கைமரம் உளுத்துப்போவதுதான் பெரிய இழப்பு. மரத்தை முறிக்கச் சொல்வதற்கு முன், ஏற்ற காலத்தில் தேங்காய் வெட்டி, காய்ந்த ஓலையையும் கொதும்பையும் (பாளை மடலையும்) இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்பார், அது பெரும்பாலும் உண்மையும்கூட, ஆகவே உங்கள் தேங்காய் வெட்டுக்கு வருபவரையே அவருடைய அந்த ஒரு மரத்திலும் ஏறச் செய்து கூலியைப் பகிர்ந்துகொள்வது எளிது. குலைக்குக் கீழே வலை கட்டுவதும், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் கம்பி இழுத்து உறுதியான மரத்தில் கட்டுவதும் செலவு குறைந்த ஏற்பாடுகள். கம்பி மரத்தை அறுக்காதபடி நடுவில் பழைய டயர்த் துண்டை வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை அவிழ்த்துப் பார்க்கவும் வேண்டும். எல்லைக்குள் நீண்ட பலாக்கொம்பையோ அயினிக்கொம்பையோ அவருக்குச் சொல்லாமல் நீங்களே வெட்டாதீர்கள். உங்கள் பக்கம் விழுந்த தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்துத் தேங்காய்க்காக, உடைந்த ஓட்டுக்குக் கேட்க வேண்டிய கணக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மரம் விழும் நிலையில் இருந்து, உரிமையாளர் அசையவில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவாக இருந்தது. விழுந்து மனிதருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய மரத்தையும் கட்டடத்தையும் அப்புறப்படுத்தவோ தாங்கல் கொடுக்கவோ உத்தரவிட அதில் இடமுண்டு. விளவங்கோடு, கல்குளம் பகுதியினர் பத்மநாபபுரம் கோட்ட அலுவலகத்துக்கும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதியினர் நாகர்கோவில் கோட்ட அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். மரம் இஞ்சிவிளைக்கு அப்பால், பாறசாலைப் பக்கம் கேரள மண்ணில் நின்றால், 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆளுக்கோ கட்டடத்துக்கோ பயிருக்கோ ஆபத்தாக நிற்கும் மரத்தை வெட்டவோ கட்டவோ உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கக் கிராமப் பஞ்சாயத்துக்கு அது அதிகாரம் தருகிறது. மனு மலையாளத்தில் இருந்தால் வேலை விரைவாக நகரும்.

மேலே சொன்னவற்றிலெல்லாம் பொறுமை உதவும். மண் இடிப்பில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். கீழ்வீட்டுக்காரர் புதுவீட்டுக்காக உங்கள் கையாலையின் அடியை ஒட்டி ஜேசிபியால் செங்குத்தாக மண்ணை எடுக்கத் தொடங்கினால், அன்றே எழுத்தில் ஆட்சேபத்தைக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கனிமவளத் துறைக்கும் மனு அனுப்பி, வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டும். உங்கள் நிலம் இயற்கையாக உள்ள நிலையில் அடுத்த நிலத்தின் மண்ணால் தாங்கப்பட வேண்டும் என்பது உங்களுக்குச் சட்டம் தரும் உரிமை. ஆனால் எல்லையோரம் நீங்கள் புதிதாகக் கட்டிய மாடிவீட்டின் கூடுதல் பாரத்துக்கும் அதே தாங்கல் வேண்டுமென்றால், அதற்கு 20 ஆண்டு அனுபவம் தேவைப்படும். மண்ணை வெளியே கொண்டுபோவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதால், பல வேளைகளில் அந்த ஒரு கேள்வியே வண்டியை நிறுத்திவிடும். வெட்டுக்கல் மண் வெயிலில் கல்போல நிற்கும். முதல் பெருமழையில் தண்ணீர் இறங்கியதும் பாளமாகப் பெயர்ந்துவிடும். கோடையில் நிற்கிறதே என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

சுவரோரம் ஓலையும் பிளாஸ்டிக்கும் எரிப்பது, எல்லையில் தேங்காய் உரித்த தொண்டைக் (மட்டையைக்) குவிப்பது போன்றவற்றுக்கு ஒரு பேச்சும் ஒரு பஞ்சாயத்து மனுவும் பெரும்பாலும் போதும். கழிவுத்தொட்டி உங்கள் கிணற்றுக்கு அருகில் வருகிறது என்றால் விடாதீர்கள். கேரளக் கட்டட விதிகள் குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுத்தொட்டிக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி கேட்கின்றன, தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்வது கிணற்றுக்கு நல்லது.

எந்த மனுவுக்கும் முன்னால் எல்லை எது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் கையாலை என்று நாம் நம்புவது அளக்கும்போது அடுத்த வீட்டாருடையதாகவும் இருக்கக்கூடும். பட்டா, புலப்பட நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு நில அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயர் வரும் நாளில் அவரையும் உடன் நிற்கச் செய்யுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன் இந்த வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்கம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) மாதத்தின் நடுப்பகுதிவரை 824ஐயும், அதற்குப் பிறகு கற்கடகம் (ஆடி) வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பழைய பத்திரத்தில் சென்டிலும் இப்போதைய வரைபடத்தில் ஏரிலும் கணக்கு இருப்பதால் குழப்பம் வரும். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். பத்திரத்தில் எல்லையாகக் கையாலையைச் சொல்லியிருந்தால் அது யாருடைய கையாலை என்ற சொல்லைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர்கள் குழித்துறை, தக்கலைப் பக்கம் இன்னும் கிடைக்கிறார்கள்.

பேச்சு இரண்டு முறை தோற்றால், பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எந்தத் தேதி, எந்த இடம், என்ன சேதம், என்ன வேலை செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பவை மட்டும் போதும். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் சேத மதிப்பீடு வாங்கி உடன் வையுங்கள். காவல் நிலையத்தில் இதைச் சிவில் விவகாரம் என்பார்கள். வேண்டுமென்றே அல்லது கெடும் என்று அறிந்தே சேதப்படுத்தியதற்குச் சான்று இருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு பொருந்தலாம், இல்லையென்றால் மனு ரசீது ஒன்றைப் பெற்று அதைப் பதிவாக வைத்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

நீதிமன்றத்துக்கு முன்னால் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்குத் தொடுக்காமலே அங்கே மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் அழைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் எட்டும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது, அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வீடு மனைவி அல்லது தாயின் பெயரில் இருந்தால் இதை மறக்க வேண்டாம். அதற்கும் அவர் வராவிட்டால்தான் வழக்கு. வழக்கில் முதலில் கேட்க வேண்டியது, மழைக்கு முன் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பதுதான். ஒரு மழைக்காலம் கழிந்தால் சாட்சியான மண்ணே இடம் மாறிவிடும். இழப்பீட்டு வழக்கு, சேதமடைந்த அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றத்துக்குரியது. உங்கள் சுவர் களியக்காவிளையில் இருந்து, அவருடைய வீடு எல்லைக்கு அப்பால் இருந்தாலும் நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டியதில்லை, குழித்துறையிலேயே தொடுக்கலாம். இழப்பீட்டைப் பொறுத்தவரை மூன்று ஆண்டுக்குமேல் தாமதிக்காதீர்கள்.

எங்கள் விவகாரம் அதுவரை போகவில்லை. இரண்டாம் முறை கையாலை சரிந்த அடுத்த ஆண்டு பங்குனியில் ஒரு முழுத்தாளில் ஆறு வரி எழுதினோம்: பாத்தி அவர் செலவு, குழாய் என் செலவு, அலக்குகல் நான்கடி தள்ளி, கையாலையில் துளைகள், தேங்காய் வெட்டு இருவர் மரத்திலும் ஒரே நாள், ஆண்டுக்கொரு முறை பாத்தியிலிருந்து சருகு வாருவது அவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் படம் எடுத்துத் தாளுடன் ஒட்டினேன். ஜூன் முதல் வாரம் மழை பிடித்த மாலையில் இருவரும் குடையோடு நின்று தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று பார்த்தோம். பாத்தியின் ஒரு மூலை தாழ்ந்து இன்னும் கொஞ்சம் எங்கள் பக்கமே ஒழுகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவரே ஏணியோடு வந்து பாத்தியைத் தாங்கும் கொளுவி (கொக்கி) இரண்டைக் கூட்டி அடித்தார்.